வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மதுரை விளாங்குடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். கூடத்தில் மணி பிளாண்ட், அக்லோனிமா, குரோட்டன்ஸ். பால்கனியில் செம்பருத்தி, கறிவேப்பிலை. மொட்டை மாடியில் இரண்டு தொட்டி மல்லிகை. பொங்கலுக்கு முன்பு சாலையோர நர்சரி ஒன்றில் அந்தக் குரோட்டன்ஸை வாங்கினேன். ஒரு மாதத்தில் அதன் கணுக்களில் வெள்ளைப் பஞ்சு. பிறகு மணி பிளாண்ட், இப்போது செம்பருத்தி. தரை பிசுபிசு என்று ஒட்டுகிறது, இலைகளில் கரி படிகிறது, எங்கு பார்த்தாலும் எறும்பு. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. பொறுமை இழந்து கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் கூடத்துச் செடிகளுக்கும் கறிவேப்பிலைக்கும் அடித்துவிட்டேன். செம்பருத்திக்கு வருவதற்குள் டப்பா தீர்ந்துவிட்டது. மணி பிளாண்ட் இலைகள் கருகிவிட்டன, பஞ்சு மட்டும் அப்படியே இருக்கிறது. செம்பருத்தியில் சில பூச்சிகள் பெரிதாக, உடம்பெல்லாம் நீண்ட வெள்ளை முடியோடு வேகமாக ஓடுகின்றன. இவைதான் தாய்ப்பூச்சிகளா? மருமகன் ஊரிலிருந்து வயலுக்கு அடிக்கும் மருந்தைக் குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அடிக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். அக்லோனிமா தொட்டியில் கொசு போல ஏதோ பறக்கிறது. தினமும் அரிசி களைந்த தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மல்லிகை இலைகளும் வெளுத்துவருகின்றன. கறிவேப்பிலையைச் சமையலுக்குப் பறிக்கலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர்.

அந்த வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சியின் வேலை. அது இருக்கட்டும், முதலில் அந்தக் குளிர்பான பாட்டில். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து போய் அதைப் பேரனின் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். பூச்சிமருந்துத் துறையில் முப்பது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வயல் மருந்தை வேறு பாட்டிலில் பிரித்து ஊற்றி வைப்பதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. குளிர்பான பாட்டிலைக் கண்டால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து டப்பாவில் சாய்சதுரக் கட்டம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கடும் விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்று கடுமை குறையும். உங்களிடம் இருக்கும் பாட்டிலில் கட்டமும் இல்லை, பெயரும் இல்லை, அளவும் இல்லை. மோனோகுரோட்டோபாஸ் என்ற கடும் பூச்சிமருந்தைக் காய்கறிப் பயிருக்கு அடிக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. டைக்குளோர்வாஸ் என்ற இன்னொரு பூச்சிமருந்து 2020 முடிவோடு அறவே நிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட ஒன்றா, வேறு ஏதாவதா என்று பாட்டிலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. திறந்த வயலில் காற்றோடு போகும் நெடி, மூடிய கூடத்தில் மின்விசிறி சுற்றச் சுற்ற உங்களோடுதான் இருக்கும். அடிக்க வேண்டாம். கழிவறையிலும் சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். பாட்டில் மேல் 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மருமகனிடமே திருப்பிக் கொடுங்கள். மாமியார் சொன்னால் வருத்தப்படுவார் என்றால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தப்பித்தவறி யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108ஐ அழையுங்கள். பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி அந்த முடி வைத்த ஓட்டக்காரர்கள்.

உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். பலரும் இவற்றைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பவர்களும் 'பெரிய மாவுப்பூச்சி' என்று நினைத்து முதலில் இவற்றைத்தான் நசுக்குகிறார்கள். செம்பருத்திக்கு வருவதற்குள் உங்கள் டப்பா தீர்ந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், ஓடுபவை தாய்ப்பூச்சிகள் அல்ல. மாவுப்பூச்சியையே தின்று வளரும் ஒரு பொறிவண்டின் புழுக்கள் அவை.

உறுதிசெய்துகொள்ள ஒரு பூதக்கண்ணாடியும் ஓர் ஈர்க்குச்சியும் போதும். காலை வெளிச்சத்தில் செம்பருத்திக் கிளை நுனியை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். முட்டை வடிவம். மாவில் புரட்டி எடுத்தது போல இருக்கும். உடலின் ஓரத்தைச் சுற்றிக் குட்டையான இழைகள் சீராக நீட்டிக்கொண்டிருக்கும். ஈர்க்குச்சியால் தொட்டால் சோம்பலாகக் காலை அசைக்கும், அல்லது அதுவும் செய்யாது. வாயை இலைக்குள் ஊசிபோலச் செருகிவைத்திருப்பதால் சட்டென்று கிளம்ப முடியாது. வண்டின் புழுவோ அதைப்போல மூன்று மடங்கு நீளம் வரை வளரும். முதுகில் வெள்ளை மெழுகு இழைகள் நீளமும் குட்டையுமாகக் கலைந்து, பிரித்த பஞ்சுத்திரி போலத் தொங்கும். குச்சி பட்டதும் ஓடும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அது ஒரு முட்டைப் பைக்குள் தலையை நுழைத்து மேய்வதையும் பார்க்கலாம்.

பசுத்தோல் போர்த்திய புலி என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்! இது அந்த வேலையைத்தான் செய்கிறது. மந்தைக்குள்ளே மந்தையைப் போலவே வெள்ளை உடுத்தி நிற்பதால், காவல் காக்கும் எறும்புகளிடமிருந்து ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. வளர்ந்த வண்டுக்கு இந்த வேடம் கிடையாது. நான்கு மில்லிமீட்டர் அளவில் கரும்பழுப்பாக, தலையும் கழுத்தும் இறக்கை நுனியும் ஆரஞ்சு நிறமாக இருக்கும். அதையும் இலைகளுக்கு நடுவே தேடிப் பாருங்கள்.

இதற்கு நம் பக்கத்துச் சரித்திரமும் உண்டு. கிரிப்டோலீமஸ் என்று பெயர். பிறந்த இடம் ஆஸ்திரேலியா. 1898ஆம் ஆண்டில் பழனி மலையில் காபி பயிரிட்ட தோட்டக்காரர் ஒருவர், காபிச் செடியைப் பிடித்த பச்சைச் செதில் பூச்சியை ஒழிப்பதற்காக இதை வரவழைத்தார். வந்த வேலையில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை. மாவுப்பூச்சியைக் கண்டதும் இங்கேயே குடியேறிவிட்டது. உங்கள் பால்கனியில் ஓடுவது அந்த வம்சமாக இருக்கலாம்.

எனவே செம்பருத்திக்கு எதையும் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய்கூட வேண்டாம். மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். நுனி கோணிச் சுருண்டு பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும் தளிர்கள் இருந்தால், அவற்றில் புழு ஓடவில்லை என்று பார்த்துவிட்டு வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டுக்கு ஓர் உதவி தேவைப்படுகிறது. அது எறும்பு விஷயம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. செடி தேய்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாவுப்பூச்சி குடிக்கும் இலைச்சாற்றில் சர்க்கரை அதிகம், புரதம் மிகக் குறைவு. தேவையான புரதத்துக்காக அது குடித்துக்கொண்டே இருக்கிறது; மிஞ்சிய சர்க்கரையைப் பின்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. உங்கள் தரையில் ஒட்டுவது அதுதான். இலையில் படிந்த கரி, அந்தச் சர்க்கரையின் மேல் வளரும் கரும்பூசணம். அது தனியாக ஒரு நோயில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், பூச்சி ஒழிந்தால் திரும்பி வராது. அந்தக் கரிக்காக மருந்து வாங்கிச் செலவழிப்பவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

பூதக்கண்ணாடி கையில் இருக்கும்போதே எறும்பையும் பாருங்கள். அது மாவுப்பூச்சியின் முதுகைத் தன் உணர்கொம்பால் தட்டித் தடவும். பூச்சி ஒரு துளி விடும். எறும்பு உறிஞ்சிக்கொண்டு அடுத்த பூச்சிக்குப் போகும். மாட்டுத் தொழுவத்தில் பால் கறப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. கறவை மாட்டை யாராவது அடிக்க வந்தால் சும்மா இருப்பார்களா? பொறிவண்டு வந்தால் எறும்பு விரட்டும். மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும் குளவி வந்தால் அதையும் விரட்டும். எறும்பை நிறுத்தினாலே பாதி நோய் தீரும் என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் பாதியைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. நேராக மருந்துக்குப் போய்விடுகிறார்கள்.

எறும்பை நிறுத்த நம் வீட்டுச் சமையலறையில் ஏற்கெனவே வழி இருக்கிறது. தீபாவளிக்கு அதிரசத் தூக்கை எப்படி வைப்பீர்கள்? தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே வைப்பீர்கள் அல்லவா? தொட்டிக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். அகலமான தட்டில் இரண்டு செங்கல் துண்டு, அதன் மேல் தொட்டி, தட்டில் தண்ணீர். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது; தொட்டால் வேர் அழுகும். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும் என்பதால் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இது முடியாது என்றால் செடியின் அடித்தண்டில் ஒரு சுற்றுக் காகித நாடாவை ஒட்டி, அதன் மேல் வாசலினைக் கெட்டியாகத் தடவலாம். தண்டின் மேல் நேரடியாகத் தடவாதீர்கள். இரண்டு வழியிலும் ஒரு ஓட்டை உண்டு: ஒரே ஓர் இலை நுனி சுவரையோ பால்கனிக் கம்பியையோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்புக்கு அது பாலம். கத்தரித்துவிடுங்கள். எறும்புக்குக் கட்டி, பொடி என்று விற்பதையெல்லாம் தவழ்ந்து திரியும் பிள்ளை இருக்கும் வீட்டில் தரையில் போட வேண்டாம்.

அடுத்தது கூடத்துச் செடிகள். இங்கே வண்டு வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது, கைவேலைதான்.

நோய் கொண்டுவந்த குரோட்டன்ஸைத் தூக்கி எறிந்துவிடுங்கள். வருத்தமாக இருக்கும், தெரியும். தண்டு முழுக்கப் பஞ்சு பிடித்த 150 ரூபாய்ச் செடிக்கு 400 ரூபாய் மருந்து வாங்கி, அதோடு மற்றச் செடிகளையும் பணயம் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படியே குப்பையில் போட்டால் பூச்சி பக்கத்து வீட்டுக்கு நடந்து போகும். பெரிய பிளாஸ்டிக் பையில் செடியையும் மண்ணையும் போட்டு இறுகக் கட்டி, மொட்டை மாடி வெயிலில் நான்கு நாள் வைத்துவிட்டுப் பிறகு குப்பைக்கு அனுப்புங்கள். சித்திரை வெயிலைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறோம், இதற்காவது பயன்படட்டும்.

மணி பிளாண்ட்டில் கருகிய இலைகளை வெட்டி எடுங்கள். கருகியதற்குக் காரணம் பூச்சி அல்ல. கரப்பான் ஸ்பிரேயில் விஷத்தைக் கரைக்கச் சேர்க்கும் எண்ணெயும் கரைப்பானும் இலைக்கு ஆகாது. பஞ்சுக்குள் இருந்த பூச்சிக்கோ மெழுகுப் போர்வை. கொடி கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

பிறகு மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சிறிய பாட்டிலும், காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு டப்பாவும் வாங்குங்கள். சாமி விளக்கும் அடுப்பும் எரியாத நேரமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்; ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். குச்சியை நனைத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வையுங்கள். அந்த வெள்ளை உங்கள் கண்ணெதிரே கரைந்து, உள்ளிருக்கும் உடல் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். அதோடு அதன் கதை முடிந்தது. எல்லா இடுக்குகளையும், இலையின் அடி நரம்பையும், தொட்டியின் உள்விளிம்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டு வாருங்கள். நாற்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆனால் ஒரு முறையோடு முடியாது. நீங்கள் பஞ்சு என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி முட்டைப் பை. ஒரு தாய் சில நூறு முட்டை வைக்கும். நம் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் அவை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாக ஊர்ந்து புது இடம் தேடும். அந்தப் பருவத்தில் மட்டும் உடம்பில் மெழுகு கிடையாது. எந்த மருந்தும் எளிதில் கேட்கும் நேரம் அதுதான். ஒரு நாள் மூர்க்கமாக அடித்துவிட்டுப் பதினைந்து நாள் மறந்துவிடுவதைவிட, வாரம் ஒரு முறை என்று நான்கு வாரம் சாதாரணமாகச் செய்வது நன்றாகக் கேட்கும். நாள்காட்டியில் நான்கு வெள்ளிக்கிழமைகளைச் சுழித்துவையுங்கள்.

சோப்புத் தண்ணீர் ஏன் கேட்கவில்லை என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். உங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர்தானே? மதுரையின் புறநகரில் பல இடங்களில் அது கடினநீர். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடும். குளிக்கும்போது நுரை வராமல் வாளி ஓரத்தில் வெள்ளைப் படலம் ஒட்டுகிறதே, அதே கதைதான். நீங்கள் செடிக்கு அடித்தது சோப்பு அல்ல, சோப்பின் திப்பி. சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் குடிக்கிற தண்ணீர்; இரண்டிலும் ஒரே அளவு காதி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். எதில் நுரை நிற்கிறதோ அந்தத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீர் பெரும்பாலும் போதும். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. துணி துவைக்கும் பவுடர் மட்டும் வேண்டாம்; அது இலையின் மேல் இருக்கும் இயற்கையான மெழுகை உரித்துவிடும்.

இப்போது கூடத்துச் செடிகளுக்கு அடிக்கும் கலவை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வேப்பெண்ணெய். 5 கிராம் காதி சோப்பு. சோப்பைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றி, பாலைப் போல வெளுக்கும் வரை அடித்துக் கலக்கிய பிறகே மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்த எண்ணெய் முழுவதும் ஒரே இலையில் போய் விழுந்து கருக்கிவிடும். விளக்குக்கு என்று விற்கும் கலப்பெண்ணெய் வேண்டாம், சுத்தமான வேப்பெண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள். முதலில் ஒரே ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். கெடுதல் இல்லை என்றால் செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். அன்றன்று கலக்கியதை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெய் பாட்டிலைச் சமையல் மேடையில் வைத்துவிடாதீர்கள். சிறு பிள்ளைகள் குடித்தால் வலிப்பு வரை போகும். பூட்டிய அலமாரியில் அதற்கும் இடம் உண்டு.

மருந்து வேண்டாம் என்று சொல்லியே பிழைக்கிற ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அளவு சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தவன்தான். 2008ஆம் ஆண்டில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டு வரவு கோவைப் பக்கம் தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. விவசாயிகள் அடித்தார்கள், அடித்தார்கள், மருந்து மாற்றி மாற்றி அடித்தார்கள். பூச்சியின் மெழுகு நனையவே இல்லை. அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிகள்தான் செத்தன. கடைசியில் 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, முற்றுப்புள்ளி அளவே இருக்கும் குளவிகள் அந்தக் கொட்டத்தை அடக்கின. அதற்குப் பிறகு மாவுப்பூச்சிக்கு மருந்து எழுதும்போது என் பேனா கொஞ்சம் தயங்கும். உங்கள் செம்பருத்தியில் இருப்பது அந்த வகையா என்று அறிய ஆசைப்பட்டால், ஒரு பூச்சியை ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி என்றால் மஞ்சள் உடல் கருத்துவிடும்.

அக்லோனிமாவில் பறக்கும் கொசுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கடிக்காது, தொட்டி மண்ணில் அழுகும் பொருளைத் தின்னும் புழுவின் வளர்ந்த பருவம். அதை விருந்துக்கு அழைத்தது அரிசி களைந்த தண்ணீர். தினமும் ஊற்றுவதை நிறுத்துங்கள். மேல்மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். அதுவும் வெறும் தண்ணீர். டீத்தூளும் வேண்டாம். மஞ்சள் அட்டைத் துண்டில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியில் செருகிவைத்தால் பறப்பவை வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு, மூன்று வாரத்தில் தானாகக் குறையும்.

மல்லிகைக்குத் தனிக் கணக்கு. வெளுத்த இலையைப் பறித்து வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டுங்கள். மிளகாய்ப்பொடித் துகள் போல விழுபவை நகர்ந்தால், விரலால் தேய்த்ததும் செந்நிறக் கோடு விழுந்தால், அது சிவப்புச் சிலந்தி. எட்டுக் கால் உள்ள இது பூச்சி இனத்திலேயே சேராது. அதனால் பூச்சிமருந்து பலவும் இதற்குக் கேட்காது. சில மருந்துகள் இதன் எதிரிகளைக் கொன்று பெருகவே வழிசெய்யும். மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையெல்லாம் இதற்குத் தெரியாது. வெயிலும் வறட்சியும் இருந்தால் போதும், மொட்டை மாடி இதற்குச் சொர்க்கம்.

இதற்கு முதல் மருந்து தண்ணீர். மூன்று நாளுக்கு ஒரு முறை, விடியற்காலையில், குழாய் முனையை விரலால் அழுத்திப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சி அடியுங்கள். வலையும் முட்டையும் கழுவிக்கொண்டு போகும். கடையில் நனையும் கந்தகம் தருவார்கள். லிட்டருக்கு 2 கிராம் என்பது வழக்கமான அளவு. நல்ல மருந்துதான், ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் இலையைச் சுட்டுவிடும். மதுரைச் சித்திரையில் அப்படி வெயில் அடிக்காத நாள் எது? எனவே வெயில் 32 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை கந்தகத்தைத் தொடாதீர்கள். எண்ணெய் அடித்த செடிக்கு மூன்று வாரம் கழியாமல் கந்தகம் அடிக்கவே கூடாது; இரண்டும் சேர்ந்தால் இலை மொத்தமும் உதிரும். முடிந்தால் தொட்டிகளை மதிய வெயில் படாத பக்கமாக நகர்த்திவையுங்கள்.

புதிதாகச் செடி வாங்கும்போது, நர்சரியில் பூவைப் பார்ப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். தொட்டியைச் சாய்த்து அடித்துளையையும் பாருங்கள். வேரிலும் மாவுப்பூச்சி இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் தனியே வைத்திருங்கள்.

நான்கு வெள்ளிக்கிழமை கழிந்தும் பஞ்சு குறையவில்லை என்றால், பூச்சியோடு ஒரு கிளையை வெட்டி, காகிதத்தில் சுற்றி, ஜிப் உறையில் போட்டு ஒத்தக்கடைக்குக் கொண்டுபோங்கள். ஆனைமலைக்குப் பக்கத்தில் வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டினால் என்ன வகை என்று பார்த்துச் சொல்வார்கள். வயல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாகக் கறிவேப்பிலை. பறிக்காதீர்கள். கரப்பான் ஸ்பிரே உண்ணும் செடிக்கு என்று தயாரித்தது அல்ல. அதனால் அடித்த எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற கணக்கே அந்த டப்பாவில் இருக்காது. கழுவினால் போய்விடும் என்று நானும் சொல்லப்போவதில்லை. மருந்து பட்ட கிளைகளை ஒன்றரை அடி உயரத்துக்கு மட்டமாக வெட்டிவிடுங்கள். வெட்டியதை உரக்குழியில் போடாமல் குப்பையில் சேருங்கள். கறிவேப்பிலை வெட்ட வெட்டத் துளிர்க்கும் சாதி. புதுக் கொழுந்து முற்றி இலையாவதற்கு ஓரிரு மாதம் ஆகும், அதுவரை கடைத்தெருவில் கொசுறாகக் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றுங்கள். அந்தக் கொழுந்தில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டிக்கொண்டு, நீங்கள் குச்சியால் தொட்டதும் தலையைத் தூக்கினால் பதற வேண்டாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். அதற்கு ஒரு கொத்து இலையை விட்டுக்கொடுத்துவிட்டு மீதியை ரசத்துக்குப் பறித்துக்கொள்ளுங்கள்.